குளிர்ந்த கடலில் கொதிக்கும் வாயு

டென்மார்க்கின் மேற்குக் கரையில், வடகடலைப் பார்த்தபடி இருக்கிறது எஸ்பியர் துறைமுகம். கடும் குளிர்காலத்தில் அங்கே கடல்நீர் 2, 3 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடும். கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அந்தக் கடலை வைத்துத்தான் ஊரே குளிர்காய்கிறது.

டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு, தெருவுக்கடியில் ஓடும் குழாய்கள் வழியாகப் பொது வெந்நீர் வருகிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்நாடு முனைந்து விரிவாக்கிய ஏற்பாடு அது. எஸ்பியரில் அந்த வெந்நீரைப் பல ஆண்டுகள் தந்துவந்தது, 250 மீட்டர் புகைபோக்கி கொண்ட நிலக்கரி அனல்மின் நிலையம். 2024இல் அதை மூடிவிட்டார்கள். ‘டின் ஃபோர்சூனிங்’ என்ற உள்ளூர்ச் சேவை நிறுவனம் அதற்கு ஈடாக நிறுவியவற்றில் முக்கியமானது கடல்நீர் ஹீட் பம்ப். சுமார் 70 மெகாவாட் வெப்பம். ஏறக்குறைய 25,000 வீடுகளுக்குப் போதும். உள்ளே சுற்றிவரும் வாயு, கார்பன் டை ஆக்சைடு. புவி வெப்பமாவதற்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் அதே வாயுதான்!

சில்லிட்ட நீரிலிருந்து வெப்பத்தை எப்படி எடுப்பது? பதில் நம் கல்யாண மண்டபச் சமையற்கட்டிலேயே இருக்கிறது. பெரிய அடுப்பு மணிக்கணக்கில் எரியும்போது, கேஸ் சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் வேர்த்து, சில நேரம் வெள்ளையாகப் பனியே படிந்துவிடும். உள்ளே திரவமாக இருக்கும் எரிவாயு வேகமாக ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை இரும்பிடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிடமிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. கேஸ் சரியாக வரவில்லை என்று சிலிண்டரைத் தண்ணீர் அண்டாவில் இறக்கி வைக்கும் சமையற்காரர் (வெந்நீரானால் ஆபத்து), எஸ்பியர் பொறியாளர்கள் செய்வதைத்தான் சிறிய அளவில் செய்கிறார்.

திரவம் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மட்டும்தான். கார்பன் டை ஆக்சைடை வளிமண்டலத்தைப் போல் 30 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்தால், அது மைனஸ் 5 டிகிரி அளவில் கொதிக்கும். அதற்கு 2 டிகிரிக் கடல்நீர் எரியும் அடுப்புக்குச் சமம். குழாய்க்கு வெளியே கடல்நீர் ஓட, உள்ளே திரவம் கொதித்து வாயுவாகிறது.

இப்போது வெப்பம் வாயுவுக்குள் வந்துவிட்டது. ஆனால் பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் அதனால் வீட்டுக்கு என்ன பயன்? காற்றாலை மின்சாரம் பெருகிய நாடு அது. அந்த மின்சாரத்தில் கம்ப்ரசர் சுழன்று வாயுவை இறுக்குகிறது. இறுக்கும் வேலை மூலக்கூறுகளின் வேகமாக மாற, வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் ஊருக்கான நீர் 90 டிகிரி வரை ஏறும்.

இந்தக் கட்டத்தில் கார்பன் டை ஆக்சைடு காட்டும் குணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 31 டிகிரிக்கு மேல் அதை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. வாயு, திரவம் என்ற எல்லைக்கோடே அழிந்துபோகும். 1869இல் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த தாமஸ் ஆண்ட்ரூஸ், கண்ணாடிக் குழாய்க்குள் இதே வாயுவை வைத்துத்தான் அந்த மாறுநிலையை விளக்கினார். சாதாரணக் குளிர்பதன வாயு திரவமாகும்போது ஒரே வெப்பநிலையில் நின்று வெப்பத்தை விடும். கார்பன் டை ஆக்சைடோ படிப்படியாக இறங்கிக்கொண்டே வெப்பம் தரும். எதிர்த்திசையில் வரும் நீர் படிப்படியாகச் சூடேறுகிறது. இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பிறகு அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் வாயு குளிர்ந்து, கணிசமான பகுதி திரவமாகி, மறுபடி கடலைச் சந்திக்கப் போகிறது.

சாதாரணக் குளிர்பதன இயந்திரங்களில் அப்படி அழுத்தத்தை இறக்குவது விரிவாக்க வால்வு. அதை 1933இல் ஆல்ஸ் தீவில், பெற்றோரின் பண்ணை வீட்டில் செய்யத் தொடங்கினார் மாட்ஸ் கிளவ்சன் என்ற டேனிஷ் இளைஞர். அன்று பிறந்த டான்ஃபாஸ் நிறுவனத்துக்கு இன்று சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஆலை இருக்கிறது.

கடல் உறைந்துவிடாதா என்று கேட்கலாம். நொடிக்கு 4,000 லிட்டர் நீரை உறிஞ்சுகிறார்கள். செலவிடும் மின்சாரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் கிடைக்கிறது. அப்படியானால் கடல் தரும் பங்கு 47 மெகாவாட் அளவு. கணக்குப் போட்டால் நீர் சுமார் 3 டிகிரிதான் குளிர்கிறது. மிகக் குளிர்ந்த நாட்களுக்கு மரச்சில்லு எரிக்கும் கொதிகலனும் துணைக்கு உண்டு. எதிரே இருப்பது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான வாடன் கடல். செயற்கைக் குளிர்பதன வாயுக்களில் பல, கசிந்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பவை; இன்னொரு குளிர்பதனப் பொருளான அம்மோனியாவோ நச்சு. கார்பன் டை ஆக்சைடைத் தேர்ந்ததில் கசிவு பற்றிய இந்தக் கவலைக்கும் பங்குண்டு.

இதை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து ஏசி செய்துவிட முடியாது. மே மாத வெளிக்காற்று 40 டிகிரி; 31க்குக் கீழே குளிரவைக்கவே வழியில்லாத வாயு, அழுத்தத்தை இறக்கும்போது போதிய திரவம் தராது. மின்சாரம்தான் கூடுதலாகத் தின்னும். சென்னை ஐஐடி, நார்வேயின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்தச் சிக்கலை ஆராய்ந்திருக்கிறது. எனக்கென்னவோ நம் ஊரில் இதற்கு முதலில் இடம் கிடைக்க வேண்டியது பால் பதப்படுத்தும் ஆலைகளில் என்றுதான் தோன்றுகிறது. அங்கே பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, உடனே 4 டிகிரிக்கு இறக்க வேண்டும். வாயுவைக் குளிர்விக்க உதவும் குழாய்த் தண்ணீரும் பெரும்பாலும் 31க்குக் கீழேதான் இருக்கும். ஒரே இயந்திரத்தின் சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் நாள் முழுக்க வேலை உண்டு.