சம்பளம் கொடுப்பதும் சேவைதான்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் கண்புரை அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். அவர் கண்ணைச் சுத்தம் செய்து துணி போர்த்துவது, கருவிகளை வரிசைப்படுத்தி வைப்பது, மருத்துவர் கை நீட்டியதும் சரியான கருவியைக் கொடுப்பது எல்லாம் சிஸ்டர்களின் வேலை. முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியோடு அப்படியே அடுத்த மேஜைக்குத் திரும்பிவிடுவார். ஒரு நிமிடம்கூட வீணாகாது. அந்த சிஸ்டர்களில் பெரும்பாலோர் கிராமங்களில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்த பெண்கள்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் வெறும் 11 படுக்கைகளோடு தொடங்கியது இந்த மருத்துவமனை. லாப நோக்கமில்லாத அறக்கட்டளையின் கீழ் நடக்கிறது. வசதியுள்ளவர்கள் கட்டணம் செலுத்துகிறார்கள். இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ, மிகக் குறைந்த செலவிலோ சிகிச்சை கிடைக்கிறது. 'இது எப்படிக் கட்டுப்படியாகிறது?' என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்திருக்கின்றன. விடையின் பெரும்பகுதி அந்தப் பெண்களிடம் இருக்கிறது.

கிடைக்காத ஆளைத் தேடாதே, உருவாக்கு

கண் மருத்துவத்தில் தேர்ந்த செவிலியர்களை வேண்டிய எண்ணிக்கையில் வெளியிலிருந்து எடுக்க முடியாது. அதனால் அரவிந்த் தனக்கு வேண்டியவர்களைத் தானே உருவாக்கியது. இதில் பெரும்பங்கு டாக்டர் வெங்கடசாமியின் தங்கை டாக்டர் ஜி. நாச்சியாருடையது. 2024இல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். ஆள் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணைவிடப் பொறுமை, பரிவு, உழைக்கும் மனம் ஆகியவற்றுக்கு முக்கியத்துவம். பெண்ணோடு பெற்றோரிடமும் பேசுகிறார்கள். பிறகு உதவித்தொகையோடு இரண்டு ஆண்டுப் பயிற்சி. அதன்பின் பார்வைப் பரிசோதனை, வார்டு, அறுவை அரங்கு, நோயாளிக்கு ஆலோசனை என்று ஆளுக்கொரு துறை. மருத்துவமனைப் பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இவர்கள்தான்.

சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திருமணமாகிப் போகிறவர்கள் உண்டு. நிர்வாகத்துக்கு அது முன்கூட்டியே தெரியும். ஆண்டுதோறும் புதிய அணி உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. ஆள் போவதை நிறுத்த முடியாத இடத்தில், போனாலும் வேலை நிற்காத ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

கிராமத்துக்கு வந்த பட்டதாரிகள்

படித்த இளைஞர்களைக் கிராமத்துக்குக் கொண்டுவருவது இன்னொரு சவால். 1983இல் தொடங்கிய 'பிரதான்' அமைப்பு இதை நேராக எதிர்கொண்டது. நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது, தொழில் அறிவும் வேண்டும் என்பது அதை நிறுவியவர்களில் ஒருவரான தீப் ஜோஷியின் உறுதி. இந்தியத் தன்னார்வ அமைப்புகளுக்குத் தொழில்முறைத் திறனைக் கொண்டுவந்ததற்காக 2009இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பட்டதாரிகளைக் கல்லூரி வளாகங்களிலேயே தேர்ந்தெடுத்து, ஓராண்டு பயிற்சிப் பணியாளர்களாகக் களத்தில் வைத்துக்கொள்வது பிரதானின் முறை. அந்தப் பயிற்சிக் காலத்தில் கிராமத்து வீட்டில் தங்கி, அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையை உடனிருந்து பார்க்க வேண்டும். 'இது நமக்கு ஒத்துவராது' என்று தோன்றுகிறவர்கள் பாதியிலேயே விடைபெறலாம். இரு தரப்புக்கும் அது நல்லது.

அதே மரபில் மதுரையில் 1997இல் உருவானது தானம் அறக்கட்டளை. ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் படித்துவிட்டு ஊரக வேலைக்கு வந்த எம்.பி. வாசிமலை இதை வழிநடத்தியவர். களஞ்சியம் மகளிர் குழுக்கள், கண்மாய்களைச் சீரமைக்கும் 'வயலகம்' விவசாயிகள் சங்கங்கள் ஆகியவற்றுக்கு ஆட்கள் வேண்டும் என்று அது கைகட்டிக் காத்திருக்கவில்லை. 2000இல் டாடா – தானம் அகாடமியைத் தொடங்கி, வளர்ச்சித் துறைக்கான மேலாளர்களைத் தானே படிக்கவைத்தது.

புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது

இவை விதிவிலக்குகள். பெரும்பாலான சிறிய என்.ஜி.ஓ.க்களின் நிலை வேறு. எம்.எஸ்.டபிள்யூ. முடித்த பெண் ஒருவர் ஒரு வட்டாரத்தின் ஒருங்கிணைப்பாளராகச் சேர்கிறார். காலையில் டூ வீலரில் நான்கு ஊர்களுக்குப் போகிறார், குழுக் கூட்டம் நடத்துகிறார், மாலையில் புகைப்படங்களோடு ரிப்போர்ட் அனுப்புகிறார். எந்த வீட்டில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளை இருக்கிறது, எந்த ஊரில் யார் சொன்னால் எடுபடும் என்று அவருக்குப் பிடிபடவே இரண்டு வருடம் ஆகும். மூன்றாவது வருடம் ஃபண்டு முடிகிறது, அவர் வேலையும் முடிகிறது. அவர் சேர்த்த நம்பிக்கையும் அவரோடு போய்விடுகிறது. அடுத்த புராஜெக்ட்டில் வருகிறவர் முதல் வீட்டுக் கதவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

சட்டமும் கையைக் கட்டுகிறது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்குச் செலவிடும் உச்சவரம்பு 50 சதவீதமாக இருந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ.) செய்த திருத்தம் அதை 20 சதவீதமாகக் குறைத்துவிட்டது. நேரடியாகச் சேவை செய்யும் மருத்துவர், ஆசிரியர் சம்பளம் இதில் வராது. ஆனால் நிர்வாகிகள், கணக்காளர்கள், அலுவலக ஊழியர்கள் எல்லாரும் இந்த 20க்குள்தான் அடங்க வேண்டும். நன்கொடை தரும் நிறுவனங்கள் பலவும் இதே மனநிலையில் இருக்கின்றன. பத்து தையல் இயந்திரம் வாங்கப் பணம் வரும். தைக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைக்குப் பத்து மாதச் சம்பளம் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

'சேவைக்கு வந்துவிட்டுச் சம்பளம் கேட்கலாமா?' என்ற பேச்சு நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்தப் பேச்சுதான் இந்தத் துறையிலிருந்து திறமைசாலிகளை விரட்டுகிறது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கள ஊழியருக்கும் உண்டு. குறைந்த சம்பளத்தைத் தியாகம் என்று புகழ்வது, அவர் உழைப்பைச் சுரண்டுவதற்கு நாம் கண்டுபிடித்த மரியாதையான வழி.

செய்ய வேண்டியவை

அமைப்புகள் முதலில் தங்கள் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். சட்டப்படி கட்டாயம், அதைக் கேட்கும் ஊழியரைக் கோபமாகப் பார்க்கக் கூடாது. சேர்ந்த முதல் வாரமே களத்தில் தள்ளிவிடாமல், அனுபவமுள்ள ஒருவரோடு சில மாதம் இணைத்துவிட வேண்டும். ஐந்து வருடம் கழித்துத் தான் என்னவாக இருப்போம் என்று ஒவ்வொரு ஊழியருக்கும் தெரிய வேண்டும். முடிவெடுப்பதெல்லாம் நிறுவனர் ஒருவரே என்றால், இரண்டாம் வரிசைத் தலைவர்கள் வளரவே மாட்டார்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும்போது, 'இதில் எவ்வளவு சம்பளத்துக்குப் போகிறது?' என்று சந்தேகத்தோடு கேட்காதீர்கள். 'உங்கள் ஊழியர்கள் எத்தனை வருடமாக உங்களோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், உங்கள் பணத்தில் ஒரு பங்கை அந்த ஊழியரின் சம்பளத்துக்கென்றே மனமுவந்து கொடுங்கள்.