தலை சுற்றினால் தலையைத் திருப்பு

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி உயரம். அடியில் நின்று கலசத்தைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்தாக வேண்டும். பக்கத்திலேயே திருவானைக்காவலில் நேர்மாறு. ஜம்புகேஸ்வரர் சந்நிதியின் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்து, நிமிர வேண்டும். அண்ணாந்து பார்ப்பதும் குனிந்து நிமிர்வதும் பெரும்பாலோருக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் உள்காதில் ஒரு சின்னக் கோளாறு உள்ளவருக்கு அந்த நொடியில் கோபுரமும் தூணும் கிறுகிறுவென்று சுழலும். பிடித்து உட்கார வைத்து சோடா வாங்கிக் கொடுப்பார்கள். “பித்தம்” என்பார் ஒருவர். “காலையில சாப்பிட்டிருக்க மாட்டீங்க” என்பார் இன்னொருவர். பிரஷர் பார்த்தால் சரியாகவே இருக்கும்.

பித்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல சமயம் காரணம் கல். கண்ணுக்குத் தெரியாத கல்.

சிறு வயதில் தட்டாமாலை சுற்றியவர்களுக்குப் பாதி விஷயம் அப்போதே தெரியும். சுற்றுவதை நிறுத்திய பிறகும் வீடும் வாசலும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு காதின் உட்புறத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றுள் திரவம். தலை திரும்பும்போது குழல் திரும்பிவிடும், திரவம் சற்றே பின்தங்கும்; அந்த இடைவெளியில் குழலுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பு வளைந்து, ‘தலை திரும்புகிறது’ என்று மூளைக்குச் செய்தி போகும். சுற்றி நின்ற பிறகு திரவம் உடனே நிற்பதில்லை. ஆகவே செய்தியும் நிற்பதில்லை.

குழல்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஏற்பாடு. பசை போன்ற ஒரு படுகையின்மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளிஞ்சல் ஓட்டில் இருக்கும் அதே பொருள்தான். ஒரு படிகம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. எது மேல், எது கீழ் என்று நமக்குச் சொல்பவை இவை. வயதாலோ, தலையில் அடிபட்டதாலோ, சில நேரம் காரணமே தெரியாமலோ இவற்றில் சில கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடும். பெரும்பாலும் பின்பக்கக் குழலில். அதன்பிறகு படுக்கையில் புரண்டால், பரண்மேல் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்தால், கல் உருண்டு திரவத்தை இழுக்கும். தலை நின்ற பிறகும் ‘சுழல்கிறது’ என்ற பொய்ச் செய்தி போகும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து மாதக்கணக்கில் ஒரே பக்கம் படுத்துத் தூங்குகிறவர்கள் உண்டு.

இந்தக் கல் ஸ்கேனில் தெரியாது, கண்ணில் தெரியும். 1952-இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் வகுத்த சோதனை இன்றும் உலகம் முழுவதும் நடக்கிறது. நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாத்துவார்கள். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும். “அம்மா, கண்ணை மட்டும் மூடாதீங்க, என் மூக்கையே பாருங்க” என்பார் பிசியோதெரபிஸ்ட். இரண்டு மூன்று விநாடி ஒன்றும் இருக்காது. பிறகு கருவிழி நெற்றிப் பக்கமாகத் துள்ளத் தொடங்கும், துள்ளும்போதே லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த அம்மா அவர் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். அரை நிமிடத்தில் துள்ளல் தளர்ந்து நின்றுவிடும். எந்தப் பக்கம் திருப்பியபோது துள்ளியதோ அந்தக் காதில்தான் கல்.

கண்ணையும் காதையும் இப்படி முடிச்சுப் போட்டுக் காட்டியவர் ராபர்ட் பாரானி என்ற வியன்னா மருத்துவர். காது கழுவும்போது தண்ணீர் குளிர்ந்திருந்தால் நோயாளியின் கண் ஒரு பக்கமும், சூடாக இருந்தால் மறுபக்கமும் துள்ளுவதைக் கவனித்தார். 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு. செய்தி வந்தபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதி.

கல்லை வெளியே எடுக்க வேண்டியதில்லை. வந்த இடத்துக்கே உருட்டிவிட்டால் போதும். அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜான் எப்ளி கண்டுபிடித்த முறை இது. வலது காது என்றால், தலையை வலப்பக்கம் திருப்பி மல்லாத்தி அரை நிமிடம். அப்படியே தலையை இடப்பக்கம் திருப்பி அரை நிமிடம். பிறகு இடது தோளின்மேல் உடம்பையும் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி இன்னொரு அரை நிமிடம். மெல்ல எழுப்பி உட்காரவைத்தால் முடிந்தது. குழலின் வளைவுக்கு ஏற்பத் தலையைத் திருப்பத் திருப்பக் கல் தன் எடையாலேயே நழுவி வெளியேறும். 1980-இல் இதைச் சக மருத்துவர்களிடம் அவர் விளக்கியபோது கேலிதான் மிஞ்சியது. கட்டுரை அச்சேற 1992 வரை காத்திருந்தார். மருந்தும் கத்தியும் இல்லாத வைத்தியத்தை நம்புவது எல்லா ஊரிலும் கஷ்டம்தான் போலிருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரியும். ஆனால் வீடியோ பார்த்து வீட்டில் முயல வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரியாமல் திருப்பினால் கல் வேறு குழலுக்குப் போய்விடலாம். கழுத்து எலும்பிலோ ரத்தக்குழாயிலோ பிரச்சினை உள்ளவர்களுக்கு முறையையே மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாத் தலைசுற்றலும் கல்லால் வருவதில்லை. வைரஸ் தாக்கி ஒரு காதின் நரம்பு கெட்டால் இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் சுற்றும், வாந்தி எடுக்கும். இரு காதும் தராசின் இரு தட்டு மாதிரி. ஒன்று சட்டென்று எடை இழந்தால் மூளைக்கு முள் சாய்ந்தே தெரியும். இங்கே புரட்டிப் பயனில்லை. மூளைதான் புதிய கணக்குக்குப் பழக வேண்டும். 1940-களில் இங்கிலாந்தில் டெரன்ஸ் காத்தோர்ன் என்ற காது அறுவை மருத்துவரும் குக்ஸி என்ற மருத்துவரும் ஒன்றைக் கவனித்தார்கள். தலையில் அடிபட்டவர்களில் சீக்கிரம் எழுந்து நடமாடியவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். அதிலிருந்து பிறந்த பயிற்சிகளின் வழித்தோன்றல்களைத்தான் இன்றும் சொல்லித் தருகிறார்கள்.

வீட்டில் செய்வது எளிது. சுவரில் தினசரி காலண்டர் இருக்குமே, அதில் தேதி எண்ணைப் பார்த்தபடி நிற்க வேண்டும். எண் கலங்காதபடி தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்ட வேண்டும். கலங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவான வேகம்தான் சரியான வேகம். ஒரு நிமிடம் செய்தால் லேசாகக் குமட்டும். குமட்ட வேண்டும், கொஞ்சமாவது சுற்றினால்தான் மூளை தன் பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ளும். அடுத்த கட்டத்தில் மெத்தைமேல் நின்றபடி, பிறகு நடந்தபடி.

இதனால்தான் இரண்டு பழக்கங்கள்மேல் எனக்கு வருத்தம். ஒன்று, தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது. முதல் இரண்டு மூன்று நாள் வாந்தியை அடக்க அது தேவை. அதற்கு மேல் தொடர்ந்தால் மந்தமாக்கும் மாத்திரைகள் மூளை பழகுவதையே தாமதப்படுத்தும். இன்னொன்று, “கழுத்து எலும்பு தேஞ்சிருக்கு” என்று பட்டை மாட்டிவிடுவது. தலையை அசைத்துத் தீர்க்க வேண்டிய நோய்க்குத் தலையை அசையவிடாமல் செய்வது என்ன வைத்தியம்?

இரு காதும் கெட்டவர் நிலைமை இன்னும் கடினம். காசநோய்க்குக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி உள்காதின் உணர்செல்களை அழிக்கக்கூடியது. அழிந்தால் திரும்ப முளைக்காது. அந்த ஊசியால் சமநிலை இழந்த ஒரு மருத்துவர், ஜே.சி. என்ற எழுத்துகளை மட்டும் போட்டு, 1952-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் தன் அனுபவத்தை எழுதினார். நாடித் துடிப்பில் தலை அசைவதற்கே புத்தகத்தின் எழுத்துகள் குதித்தன. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகள் இரண்டின் நடுவே தலையைச் செருகிக்கொண்டுதான் படிக்க முடிந்தது. இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி என்பது கண்ணையும் உள்ளங்காலையும் நம்பி நடக்கக் கற்றுத் தருவது.

உள்ளங்கால் என்றதும் சர்க்கரை நோய் நினைவுக்கு வராமல் போகாது. காது தளர்ந்தவர் பிராகாரத்தின் கருங்கல் தளத்தில் பகலில் வெறுங்காலோடு சமாளித்துவிடுவார். கல் காலுக்குத் தகவல் சொல்கிறது. கால் மரத்தவருக்கு அந்தத் தகவல் வராது. வெளிச்சம் மங்கிய, எண்ணெய் பிசுக்கேறிய உள்மண்டபத்தில் கண்ணும் கைவிடும். தனியாக அனுப்பாதீர்கள், ஒரு கை கொடுங்கள்.

சுற்றலோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் வலுவிழந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ பயிற்சி என்ற பேச்சே வேண்டாம். பக்கவாதமாக இருக்கலாம், ஆம்புலன்ஸுக்கு 108. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி, திருச்சி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். “எதைச் செய்யும்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது” என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தயாராக வைத்துக்கொண்டால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.

கல் வகை மீண்டும் வரக்கூடியது. வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அதை ஈடுசெய்தால் மறுபடி வருவது குறைகிறது என்று 2020-இல் வெளியான ஒரு தென்கொரிய ஆய்வு காட்டியது. எனவே அடிக்கடி வருகிறவர்கள் அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். எப்ளி முறை முடிந்த பிறகும் சில நாள் மிதப்பாக இருக்கும். அது தெளியும் வரை டூவீலரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் ஏற வேண்டாம்.