ஹவுஸ்ஃபுல் ஆனாலும் நஷ்டம்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கு. நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில், தாழத் தொங்கும் படிகச் சரவிளக்குகள் ஒளி மங்கியபடியே மெல்ல மேலேறிக் கூரையோடு ஒட்டிக்கொள்கின்றன. மாடியில் இருப்பவர்களுக்கு மேடை மறைக்கக் கூடாதல்லவா! சுமார் 3,800 இருக்கைகள். ஒன்றுகூடக் காலியில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் அன்றிரவு நஷ்டம்தான். ஆண்டு முழுக்க விற்ற டிக்கெட் பணத்தைக் கூட்டிப் பார்த்தால் செலவில் பாதிகூடத் தேறாது. இப்படி ஒரு கடை நடத்தினால் ஆறே மாதத்தில் ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான். மெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நிறுவனமோ 1883-இலிருந்து நடக்கிறது.

நிர்வாகம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் அப்படிச் சொல்லவில்லை. நாடகம், ஓபரா, இசை, நடனம் எனப் பல குழுக்களின் கணக்குப் புத்தகங்களைக் குடைந்து, 1966-இல் அவர்கள் எழுதிய நூல் வேறொரு காரணத்தைக் காட்டியது. பீத்தோவன் நான்கு பேருக்காக எழுதிய இசையை 200 ஆண்டுகளுக்கு முன் வாசிக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். இன்றும் நான்கு பேர்தான். ஓர் ஆளைக் குறைக்கவோ, இரட்டை வேகத்தில் வாசித்து நேரத்தை மிச்சம் பிடிக்கவோ வழியில்லை. இதே காலத்தில் நூல் நூற்பது கைராட்டையிலிருந்து ஆலைக்குப் போய், ஒரே ஆள் நூற்கும் அளவு பல மடங்கு பெருகிவிட்டது. அதற்கேற்ப ஆலைக் கூலியும் உயர்ந்தது. வயலின் கலைஞரும் அதே ஊரில் வாடகை கொடுத்து, அதே கடையில் பால் வாங்கி வாழ்பவர். அவர் சம்பளமும் ஏறத்தான் வேண்டும். அவர் வாசிக்கும் நிமிடங்கள் மட்டும் ஏறுவதில்லை.

இதைத்தான் ‘பாமோலின் செலவு நோய்’ என்கிறார்கள். சம்பளம் ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் 18 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். மேடையில் அதே ஓபரா, அதே சுரங்கள், அதே மூன்று மணி நேரம். சம்பளப் பட்டுவாடா மட்டும் இரண்டு மடங்கு. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் ஏறிக்கொண்டே போவதற்கும் இந்த விளக்கம் பின்னாளில் பொருந்தி வந்தது. நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது கச்சேரி மேடையில்; பார்த்தால் ஊரெல்லாம் அதே காய்ச்சல்!

டிக்கெட் விலையை ஏற்றிவிட்டால்? ஏற்றலாம், ஆள் குறையும். இங்கே இருக்கைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. மேடை, பாடகர், விளக்கு எல்லாவற்றுக்கும் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. கூடுதலாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் ஏறக்குறைய செலவே இல்லை. ஆனால் திரை உயர்ந்த மறுகணம் காலி இருக்கையின் மதிப்பு பூஜ்யம், சாயங்காலம் வரை விற்காத கீரைக்கட்டு மாதிரி. இதற்கு நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1973-இல் ஓர் அழகான தீர்வு பிறந்தது. டிகேடிஎஸ் என்ற சாவடியில் அன்றைய நாடகங்களின் மிச்ச டிக்கெட்டுகளைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். நடத்துவது லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று. அதன் சூட்சுமமே வரிசைதான். எந்த நாடகம் கிடைக்கும் என்று தெரியாமல், குளிரில் கால்கடுக்க நிற்கத் தயாராக இருப்பவர் காசைவிட நேரம் அதிகம் உள்ளவர். காசு அதிகம் உள்ளவர் நிற்க மாட்டார், முழு விலைக்கு முன்பதிவு செய்துவிடுவார். யாரிடமும் வருமானச் சான்றிதழ் கேட்காமலே கூட்டம் தானாகப் பிரிந்துவிடுகிறது. சென்னை டிசம்பர் சீசனில் பல சபாக்கள் மதியக் கச்சேரியை இலவசமாக்கி, மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் போடுவதும் இதற்குத் தூரத்து உறவுதான்.

இவ்வளவு செய்தும் பள்ளம் நிரம்பாது. மிச்சத்தை நன்கொடை நிரப்புகிறது. லாப நோக்கமில்லாத நிறுவனம் என்றால் லாபமே வரக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். தாராளமாக வரலாம். அதைப் பங்கு போட்டு எடுத்துக்கொள்ள முதலாளி இல்லை, அவ்வளவுதான். கொடுத்த பணம் யார் பையிலும் போகாது என்ற அந்த நம்பிக்கைதான் நன்கொடையைக் கொண்டுவருகிறது. அமெரிக்காவில் 1917 முதல் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு உண்டு. 2025 வரை, 37 சதவீத வரி கட்டும் ஒருவர் 100 டாலர் கொடுத்தால், அவர் கையைவிட்டுப் போனது 63 டாலர்தான். மீதி 37 அரசு விட்டுக்கொடுத்த வரி. ஆக, எந்த ஓபராவுக்குப் பொதுப் பணம் போக வேண்டும் என்பதை அமைச்சர் அல்ல, தனியார் ஒருவர் தன் காசோலையால் முடிவு செய்கிறார். இது சரிதானா என்பது தனி விவாதம். எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. வரித்துறையும் ஏமாளி அல்ல. நிதி திரட்டும் விருந்துக்கு 1,000 டாலர் கொடுத்து 150 டாலர் மதிப்புள்ள சாப்பாடு சாப்பிட்டால், கழிவு 850-க்குத்தான்.

வருடா வருடம் கையேந்தாமல் இருக்க இன்னொரு ஏற்பாடு மூலநிதி. முதலைத் தொடாமல் விளைச்சலை மட்டும் எடுத்துச் செலவழிக்கும் நிதி இது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அணையாத விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள். அவற்றை ஒப்புக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டிகள் பிறந்து மந்தை குறையாமல் இருக்கும் என்பது கணக்கு. அதனால் அவை சாவா மூவாப் பேராடுகள். இன்றைய இசைக்குழுக்களிடம் ஆட்டுக்குப் பதில் பங்குகளும் கடன்பத்திரங்களும். ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் எடுப்பது வழக்கம். அதையும் அன்றைய மதிப்பில் கணக்கிடுவதில்லை. பெரும்பாலும் மூன்று ஆண்டு சராசரியில் கணக்கிடுகிறார்கள். சந்தை ஒரு வருடம் விழுந்தால் புல்லாங்குழல்காரர் சம்பளமும் கூடவே விழாமலிருக்க அந்தச் சராசரி.

1966-இல் ஃபோர்டு அறக்கட்டளை அமெரிக்காவின் 61 இசைக்குழுக்களுக்குச் சுமார் 8 கோடி டாலரைப் பெரும்பாலும் மூலநிதிக்கென்றே அள்ளிக் கொடுத்தது. நீங்களும் உங்கள் ஊரில் திரட்டிக் காட்டுங்கள் என்று நிபந்தனையும் போட்டது. பணம் வந்ததும் கலைஞர்கள் நியாயமாகவே நல்ல சம்பளம் கேட்டார்கள். கச்சேரிக் காலம் நீண்டது, பெரிய குழுக்களில் ஆண்டு முழுவதும் வேலை என்றானது. செலவு வருமானத்தை மறுபடியும் முந்திக்கொண்டது. பாமோல் சிரித்திருப்பார்.

கொரோனாவுக்குப் பிறகு மெட் தன் மந்தையிலேயே கைவைத்தது. 2022 டிசம்பரில், சுமார் 30 கோடி டாலர் மூலநிதியிலிருந்து 3 கோடி வரை எடுக்கப்போவதாகவும், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிகழ்ச்சிகளைக் குறைக்கப்போவதாகவும் அறிவித்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் நஷ்டம் என்னும்போது குறைத்து நடத்துவதே சிக்கனம்.

செலவு நோய்க்கு அங்கே கண்ட மருந்துகளில் கெட்டிக்காரத்தனமானது திரையரங்கு நேரலை. 2006 டிசம்பர் 30 அன்று, மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவைச் சுமார் 100 நிமிடங்களுக்குச் சுருக்கி சினிமாத் தியேட்டர்களுக்கு நேரடியாக அனுப்பினார்கள். பாடுபவர் எண்ணிக்கையைக் குறைக்க முடியாவிட்டால் கேட்பவர் எண்ணிக்கையைக் கூட்டு என்பதுதான் தந்திரம். நேரலைகள் வழக்கமாகச் சனிக்கிழமை மதியம் நடக்கும். முடிந்ததும் அந்த மேடைக் காட்சி முழுசாகச் சக்கர மேடையில் நகர்ந்து ஓரத்துக்குப் போய்விடும். பக்கவாட்டில் காத்திருக்கும் இன்னொரு காட்சி உள்ளே வரும். அன்றிரவே வேறொரு ஓபரா. அன்று கட்டடத்தை ஒருவேளைகூடச் சும்மா விடுவதில்லை.

தீராதது சந்தா விவகாரம். முன்பெல்லாம் ரசிகர்கள் அடுத்த சீசன் முழுவதற்கும் பல மாதம் முன்பே பணம் கட்டிவிடுவார்கள். அது வட்டியில்லாக் கடன். அதை வைத்துத்தான் காட்சி ஜோடனைக்கு மரமும் துணியும் வாங்க முடிந்தது. சந்தாவில் வருவதால், பேர் தெரியாத புது இசையமைப்பாளரையும் பிரபலமான ஓபராவோடு சேர்த்தே கேட்டுவிட்டுப் போவார்கள். இன்று பெரும்பாலோர் கடைசி வாரத்தில், கைபேசியில், பிடித்த ஒன்றை மட்டும் வாங்குகிறார்கள். மேடைத் தச்சருக்கோ கூலியை அதற்குப் பல மாதம் முன்பே எண்ணி வைத்தாக வேண்டும்.