நிப்பா: ஆய்வுக்கூடம் திருத்திய தவறு

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களை மூளைக்காய்ச்சல் தாக்கியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினார்கள். கொசு மருந்து அடித்தும், தடுப்பூசி போட்டும் சாவு நிற்கவில்லை. நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களையே தாக்கும். இங்கோ பன்றிகளோடு பழகிய பெரியவர்கள் விழுந்தார்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார். அமெரிக்க ஆய்வுக்கூடத்தில், ஆஸ்திரேலியாவின் ஹெண்ட்ரா கிருமியை அடையாளம் காணும் எதிர்ப்புப் புரதங்கள் இதன்மேலும் ஒட்டின. இது ஹெண்ட்ராவுக்கு உறவு, ஆனால் புதியது என்று மரபணுச் சோதனை காட்டியது. நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே கிருமிக்கும் அமைந்தது.

10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்ட பின்பே நோய் ஓய்ந்தது. அதற்குள் மலேசியாவில் 105 உயிர்கள் போய்விட்டன.

கிருமியின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால். எனவே வௌவால் கடித்த பழத்தைத் தொடாதீர்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போனால், செய்யும் வேலையையும் பழகும் விலங்குகளையும் சொல்லுங்கள். அன்று உண்மையைக் காட்டிய துப்பும் அதுதான்.