எண்ணோ, எழுத்தோ?

இலங்கைத் தேசிய அடையாள அட்டையின் இலக்கம் இருவகைப்படும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும், இறுதியில் வீ அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் மட்டுமே உள. இச்சிறு வேறுபாடு கணினித் தரவுத்தளத்தில் விளைக்கக்கூடிய குழப்பம் சிறிதன்று.

களுபோவிலயில் ஒரு மருந்துக் கடை இருப்பதாகக் கொள்க. எவருக்கு எம்மருந்து ஒவ்வாது என்னும் குறிப்பு அங்கே அடையாள அட்டை இலக்கத்தின்கீழ்ப் பதியப்படுகிறது. பதிவேட்டில் அவ்விலக்கம் எழுத்துவகையாக உள்ளது. குறிப்பைத் தேடித்தரும் சார்போ, தன்னிடம் வருவதை எண்வகையாக ஏற்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் பதிந்தோர் யாவரும் புதிய அட்டையுடைய இளைஞர். ஆதலின் தேடல் பிழையின்றி நடந்தது. ஒருநாள் மூதாட்டி ஒருவரின் பழைய இலக்கம் பதிவேட்டில் ஏறியது. மறுநாள் வந்த இளைஞனுக்குக் குறிப்புக் கிடைக்கவில்லை; ‘செல்லாத எண்’ என்னும் செய்தியே திரையில் தோன்றியது. அவனது இலக்கத்தில் யாதொரு குறையும் இல்லை. பின் பிழை எங்குள்ளது?

எழுத்தும் எண்ணும் ஒப்பிடப்படும்போது, ஒராக்கிள் தரவுத்தளம் எவரும் பணியாமலே எழுத்தை எண்ணாக மாற்றுகிறது. இங்கு மாற்றப்படுவன பதிவேட்டில் உள்ள இலக்கங்கள். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிவரும் கணினி, மூதாட்டியின் வரியை அடைந்ததும் இறுதி எழுத்தை எண்ணாக்க இயலாது நின்றுவிடுகிறது. பிழை ஓரிடம், பழி வேறிடம்.

மைஎஸ்கியூஎல் இவ்வாறு நிற்பதில்லை. தேடலின்போது முன்னுள்ள இலக்கங்களை மட்டும் கொண்டு, எழுத்தைக் கைவிட்டு, ஓர் எச்சரிக்கையுடன் அமைகிறது. தவறு நேர்ந்ததே தெரியாமற் போவதால் இஃது இன்னும் இடர் மிக்கது. போஸ்ட்கிரெஸ், 2008இல் வெளிவந்த 8.3ஆம் பதிப்பு முதல், எண்ணைத் தானாக எழுத்தாக்கும் வழக்கத்தைப் பெரிதும் நிறுத்திவிட்டது. எழுத்தை ஏற்கும் சார்புக்கு எண்ணைக் கொடுத்தால், ‘அத்தகைய சார்பு இல்லை’ என்றே அது மறுமொழி கூறும்.

பிழை தேடுவோர் முதலில் நோக்கவேண்டியது, சார்பு ஏற்கும் வகையும் பதிவேட்டின் வகையும் ஒன்றா என்பதே. அடுத்து, இலக்கமல்லாத குறி கலந்த வரிகளைப் பிரித்தெடுத்துப் பார்த்தல் வேண்டும். பின்னர்ச் சார்பையும் எழுத்துவகைக்கு மாற்றிவிட்டால் குழப்பம் தீரும்.

கொழும்புத் தொலைபேசி இலக்கம் 011 எனத் தொடங்குகிறது. எண்ணாக்கினால் முதற் சுழியம் மறைந்துவிடும். கூட்டவும் பெருக்கவும் பயன்படாத இலக்கம் எண்ணன்று, அது பெயரேயாம்.