பஞ்சத்தை மறந்தவர் யார்?

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தன் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தந்தையிடம் தன் பங்கைப் பிரித்து வாங்கிய இளைய மகன், தூர தேசம் போய் அதை அழித்து, பன்றி மேய்க்கும் நிலைக்கு வருகிறான். அவன் ஏன் பட்டினி கிடந்தான்? இக்கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் வேறுபடுவதை ஓர் ஆய்வு காட்டியுள்ளது.

அமெரிக்க வேதாகமப் பேராசிரியர் மார்க் அலன் பவல், தம் நாட்டில் 100 பேரை இவ்வுவமையை வாசிக்கச் செய்தார். பின் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து சொல்லுமாறு கேட்டார். மகன் சொத்தை வீணாக்கியதை எல்லோரும் சொன்னார்கள். அந்நாட்டில் கொடிய பஞ்சம் உண்டானதைச் சொன்னவர்கள் 6 பேர் மட்டுமே. ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலோ 50 பேரில் 42 பேர் பஞ்சத்தைச் சொன்னார்கள். 1941 முதல் 1944 வரை போர் முற்றுகையில் அகப்பட்டு, இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்ட நகரம் அது. தன்சானியாவில், அவனுக்கு ஒருவரும் உணவு கொடுக்கவில்லை என்பதே காரணம் என்று பலர் கூறினர். இவற்றைப் பவல் 2007இல் வெளியிட்ட நூலிலும் எழுதியுள்ளார்.

மூன்று பதில்களும் உவமையிலேயே இருக்கின்றன: 13, 14, 16ஆம் வசனங்களைப் பாருங்கள்.

இடம்பெயர்ந்த கமக்காரருக்கு இது படித்தவர்களின் சங்கதி மட்டுமல்ல. காணியையும் விதைநெல்லையும் விட்டு வந்தவர்களைப் பார்த்து, “கவனமாகச் சேர்த்து வைத்திருந்தால் இந்த நிலை வந்திராதே” என்று சொல்வோர் உண்டு. அவர்கள் 13ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறார்கள். பஞ்சம் மகனால் வந்ததல்ல. பசித்தவனுக்குக் கொடாமல் விட்டது அயலவர் செயல். அதேவேளை, மகனின் பிழையை உவமை மறைக்கவுமில்லை. மூன்றையும் சேர்த்து வாசித்தாலே கதை முழுமை பெறும்.

உங்கள் கூட்டங்களிலும் இதைச் செய்து பாருங்கள். ஒருவர் உரத்து வாசிக்கட்டும். புத்தகத்தை மூடியபின் முதியவர், பெண்கள், இளைஞர் என ஒவ்வொருவரும் கதையைச் சொல்லட்டும். யார் எதை மறந்தார், எதை மறக்கவில்லை, ஏன் என்று கூடிப் பேசுங்கள். பசியை அறிந்தவர்கள் சொல்லும் விளக்கமும் ஆய்வுக்கு வேண்டிய விளக்கமே.