தட்சகனைத் துரத்திய மாணவன்

சாகசக் கதை என்றால் சோற்றையும் மறந்துவிடும் பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு புராணப் புத்தகத்தைக் கொடுத்தால், பல வீடுகளில் அது மூன்றாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழங்கதை பிடிக்காது என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. ரிக் ரியோர்டன் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர், வாசிப்பதற்கும் கவனத்தை நிலைநிறுத்துவதற்கும் சிரமப்பட்ட தம் மகனுக்கு இரவில் கிரேக்கப் புராணக் கதைகள் சொல்லிவந்தார். தெரிந்த கதைகள் தீர்ந்துபோன பிறகு அவர் தாமே புனைந்து சொன்ன கதைதான், 2005இல் பெர்சி ஜாக்சன் வரிசையின் முதல் நாவலாக வெளிவந்தது. அதைப் படித்த பிள்ளைகளிடம் போசைடனுக்கும் ஜீயஸுக்கும் என்ன உறவு என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வார்கள். கிரேக்கப் புராணமும் பழங்கதைதானே? பிள்ளையை விரட்டுவது கதையின் வயது இல்லை, அதை நாம் சுருக்கிக் கொடுக்கும் விதம்.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் உதங்கன் கதை இருக்கிறது. குருகுலம் முடித்த மாணவன் அவன். குருதட்சிணையாக என்ன வேண்டும் என்று கேட்டபோது, பௌஷ்ய மன்னனின் மனைவி அணிந்திருக்கும் குண்டலங்களைக் கொண்டுவா என்கிறாள் குருவின் மனைவி. நான்காம் நாள் விழாவுக்குள் வந்தாக வேண்டும். அரசி மனமுவந்து கழற்றிக் கொடுத்துவிட்டு ஓர் எச்சரிக்கையும் தருகிறாள்: பாம்பரசன் தட்சகனுக்கு இவற்றின் மேல் ஒரு கண், வழியில் ஜாக்கிரதை. திரும்பும் வழியில் ஒரு துறவி தென்படுகிறான், மறைகிறான், மறுபடி தென்படுகிறான். உதங்கன் குண்டலங்களைத் தரையில் வைத்துவிட்டு நீரில் இறங்கிய நொடியில் துறவி அவற்றைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். துரத்திப் பிடித்தால், கைக்குள் இருந்தது பாம்பாகி நழுவி வளைக்குள் புகுந்துவிடுகிறது. உதங்கன் தன் கைத்தடியால் தரையைத் தோண்டத் தொடங்குகிறான். அவன் விடாமல் தோண்டுவதைப் பார்த்த பிறகே இந்திரன் வச்சிராயுதத்தை அனுப்புகிறான். கீழே நாகலோகத்தில் இரண்டு பெண்கள் கறுப்பு நூலும் வெள்ளை நூலும் கோத்துத் தறியில் துணி நெய்கிறார்கள். ஆறு சிறுவர்கள் பன்னிரண்டு ஆரங்கள் கொண்ட ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். பக்கத்தில் ஒரு மனிதன், ஒரு குதிரை. அந்தக் குதிரையின் பின்புறம் ஊதச் சொல்கிறான் மனிதன். ஊதியதும் குதிரையின் உடலிலிருந்து நெருப்பும் புகையும் கிளம்பி நாகலோகம் திணறுகிறது. தட்சகன் குண்டலங்களைத் திருப்பித் தருகிறான். குருவின் மனைவி தலை வாரிக்கொண்டு, இவனைச் சபித்துவிடலாமா என்று எண்ணும் நேரத்தில் அதே குதிரை அவனைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நூல்கள் பகலும் இரவும், சக்கரம் ஓர் ஆண்டு, சிறுவர்கள் ஆறு பருவங்கள் என்று குரு விளக்குவது அதற்கப்புறம்தான்.

கெடு, எச்சரிக்கை, திருட்டு, பாதாளம், புதிர் என்று நல்ல சாகச நாவலுக்கு வேண்டிய அத்தனையும் இதில் உண்டு. இதையே நம் கதைத் தொகுப்புகள் பலவற்றின் பாணியில் எழுதினால், "குருவின் சொல்லைக் காக்க உதங்கன் பல இடையூறுகளை வென்றான்" என்று ஒரே வரியில் முடிந்து, அடியில் குருபக்தியைப் பற்றிய நீதி வந்துவிடும். அந்த இடையூறுகள்தான் கதை, அவற்றை எடுத்துவிட்டால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? அதனால் கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அனுமன் கடல் தாண்டுவது போதும். சுரசை வாயைப் பிளக்க, அவன் உடலைப் பெருக்க, அவள் இன்னும் பிளக்க, சட்டென்று அவன் கட்டைவிரல் அளவாகச் சுருங்கி உள்ளே நுழைந்து வெளியே வரும் அந்த யுக்தி எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது "தடைகளைக் கடந்து இலங்கை சேர்ந்தான்" என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

நீதி இல்லாமல் புராணம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நீதி வேண்டும்தான். ஆனால் அது கதாபாத்திரம் எடுக்கும் முடிவிலிருந்து பிறக்க வேண்டும். நச்சுப் பொய்கையில் நான்கு தம்பிகளும் விழுந்து கிடக்க, யட்சன் ஒருவனை மட்டும் எழுப்பித் தருகிறேன் என்கிறான். தருமன் பீமனையோ அர்ஜுனனையோ கேட்கவில்லை, நகுலனைக் கேட்கிறான். குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு மகன் வேண்டாமா என்கிறான். இந்த இடத்தில் எந்த விளக்கமும் இல்லாமலே பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும். ராஜாஜியின் 'வியாசர் விருந்து' இதைச் சிறிய அத்தியாயங்களில், தெளிந்த தமிழில் தருகிறது. பெரியவர் ஒருவர் வாசித்துக் காட்டினால் எட்டு வயதுக்கே போதும். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வின் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளும் இதைத்தான் செய்தன: விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சிதறும், சொன்னால் வேதாளம் மரமேறிவிடும். வாசிக்கும் பிள்ளையும் அரசனோடு சேர்ந்து தீர்ப்பு யோசித்தாக வேண்டியிருந்தது.

நவீன மறுகதைகள் மூலத்தைச் சிதைக்கின்றன என்பது கனமான ஆட்சேபம். ரோஷனி சோக்ஷி 2018இல் தொடங்கிய ஆரு ஷா வரிசையில், பாண்டவர்களின் ஆன்மாக்கள் இன்றைய அமெரிக்கச் சிறுமிகளாகப் பிறந்திருக்கின்றன. ஆரு ஏற்றக் கூடாத ஒரு விளக்கை அட்லாண்டாவில் ஓர் அருங்காட்சியகத்தில் ஏற்றிவிடுகிறாள். இது வியாசர் சொன்னதில்லை. ஆனால் வால்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பனிலோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். மாற்றிச் சொல்வது நம் மரபின் இயல்பு. புனைந்ததைப் புனைவென்று மறைக்காமல் வைத்தால் போதும், ஆருவின் கையைப் பிடித்து மகாபாரதத்துக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. தமிழில் மட்டும் வாசிக்கும் பிள்ளைக்கு இப்படிப்பட்ட நீண்ட நாவல்கள் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது. நம் பதிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வன்முறையும் அநீதியும் நிறைந்த கதைகளைப் பிள்ளையிடம் கொடுக்கலாமா? ஏகலைவனின் கட்டைவிரலைக் குருபக்திப் பாடமாக மட்டும் சொல்லும் புத்தகத்தைக் கொடுக்கவே கூடாது. அந்த விரல் வெட்டப்பட்டது நியாயமா என்று கேட்க இடம் விடும் புத்தகத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். சம்ஹிதா ஆர்னி சிறுமியாக இருந்தபோதே எழுதி, படமும் வரைந்த மகாபாரதத்தைச் சென்னையின் தாரா பதிப்பகம் 1996இல் வெளியிட்டது. போரும் சூழ்ச்சியும் நிறைந்த அந்தக் கதையோடு ஒரு குழந்தையால் மல்லுக்கட்ட முடியும் என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி. படம் பார்த்தே கதைக்குள் போகிற பிள்ளைகளுக்கு, 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதைகள் இன்றும் நல்ல வாசல்தான். ஆனால் அவற்றில் வரும் அசுரர்களின் நிறத்தையும் உருவத்தையும் பற்றிப் பிள்ளையோடு பேசிவிட வேண்டும்.

முழு இதிகாசத்தையும் ஒரே மூச்சில் கையில் திணிப்பதும் வேண்டாம். பத்துத் தலைமுறைப் பெயர்களில் தொடங்கும் புத்தகத்தில் எந்தச் சாகசப் பிரியனும் சோர்ந்துபோவான். கிளைக்கதைகளிலிருந்து தொடங்கலாம்: தாயின் அடிமைத்தனத்தை நீக்க அமுதம் கவர்ந்த கருடன், பகாசுரனுக்கு அனுப்பிய வண்டிச் சோற்றை அவன் கண்ணெதிரிலேயே சாப்பிட்டு முடித்த பீமன், கண்ணாடிபோல் பளபளக்கும் கேடயத்தில் மெடூசாவின் பிம்பத்தை மட்டும் பார்த்து வாள் வீசிய பெர்சியூஸ். இதில் எதை முதலில் எடுப்பது என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம்.